கூடுதலாக ஒரு சால்வை

அந்த ஜனவரியில் எங்கள் வீட்டுச் சீப்பை அம்மா ஒளித்து வைத்துவிட்டாள். சீப்பை மட்டுமா? நகவெட்டி, என் பழைய ரிப்பன், கொடியில் காயும் பாவாடை எல்லாமே கண்காணாத இடத்துக்குப் போய்விட்டன. பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் தலைவாரப் போனால், அரிசி டின்னுக்குள் கையை விட்டுச் சீப்பை எடுத்துத் தருவாள். "வாரிட்டு உடனே குடு. ஒரு முடிகூட அதுல தங்கக் கூடாது" என்பாள். எதற்கு என்று கேட்டால், "குறும்பருங்க வராங்க" என்பதோடு வாயை மூடிக்கொள்வாள்.

அம்மா பிறந்தது மேட்டுப்பாளையத்தில். மலையடிவாரத்துக்காரர்களுக்கு நீலகிரிக் குறும்பர்கள் என்றால் அந்தக் காலத்தில் ஒரு கிலி. தலைமுடி கையில் கிடைத்தால் ஆளைப் படுக்கையில் போட்டுவிடுவார்கள், ஏறிட்டுப் பார்த்தால் மாட்டுக்குப் பால் வற்றிவிடும், நினைத்தால் கரடியாக மாறி வாசலில் வந்து நிற்பார்கள் என்றெல்லாம் அம்மா கதைகதையாகச் சொல்லுவாள். இத்தனைக்கும் அவள் தன் வாழ்நாளில் ஒரு குறும்பரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் இவ்வளவு விவரம் தெரிந்திருக்காது.

எங்களுக்குச் சரோஜினி நகரில் சர்க்கார் குவார்ட்டர்ஸ். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு மலையும் தெரியாது, குறும்பரும் தெரியாது, தமிழ் எழுத்துகளிலேயே பாதி தெரியாது. தமிழ் என்பது வீட்டுக்குள் திட்டு வாங்குவதற்கான மொழி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட வீட்டுக்குக் குறும்பர்கள் வரக் காரணம் அப்பாவின் உத்தியோகம்.

குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்க மாநிலத்துக்கு ஒன்றிரண்டு பழங்குடித் தம்பதிகளை அரசாங்கமே செலவு செய்து தலைநகருக்கு அழைத்து வருவது வழக்கம். அவர்களைக் கூடவே கூட்டிக்கொண்டு சுற்றவும், அவர்கள் பேசுவதை இந்தியில் சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். அப்பாவின் அலுவலகத்தில் (எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், அப்பாவுக்கு இன்னும் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது) தமிழ்நாட்டுத் தம்பதிக்கு யாரைப் போடலாம் என்ற யோசனையே எழவில்லை. "நீங்கள் மதராசிதானே?" என்று கேட்டார்களாம். அதிலும் கோயமுத்தூர் பக்கம் என்று தெரிந்ததும் டைரக்டருக்கு ஏக சந்தோஷம். தேசப்படத்தில் கோயமுத்தூருக்கும் நீலகிரிக்கும் நடுவே விரல் நுழையாது. அப்பா அந்த மலையில் ஏறியதே கல்யாணமான புதிதில் ஊட்டி பார்க்கப் போனபோதுதான். ஆனால் அந்த வருஷம் ஒரு பதவி உயர்வு அவருக்கு வருவதுபோல் வந்து நின்றுகொண்டிருந்தது. கிரேக்கம் பேசச் சொல்லியிருந்தாலும் "அச்சா சார்" என்றிருப்பார்.

வந்தவர்களுக்கு நம் சாப்பாடு போட்டால் நன்றாயிருக்கும் என்று டைரக்டர் சொல்லி வைக்க, அப்பா ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்களை வீட்டுக்கே அழைத்து வருவதாக ஒத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"வீட்டுக்கா? ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? வயசுக்கு வரப்போற புள்ளைய வெச்சுக்கிட்டு!" என்றாள் அம்மா.

"சர்க்கார் விருந்தாளிங்கம்மா அவங்க."

"சர்க்காரு வேணும்னா அவங்க வூட்டுல வெச்சு சோறு போடட்டும்."

அப்பாதான் ஜெயித்தார். அம்மா ஐ.என்.ஏ. மார்க்கெட் போய்த் தேங்காயும் அப்பளமும் வாங்கி வந்தாள். வரும்போதே எனக்கு ஒரு கறுப்புக் கயிறும் வந்தது. அவர்களை மாமா என்றோ அத்தை என்றோ கூப்பிடக் கூடாது, உறவு வைக்கக் கூடாது, அங்கிள் ஆன்ட்டி போதும் என்று உத்தரவு. இங்கிலீஷில் கூப்பிட்டால் ஒட்டாதாம்.

கரடியை எதிர்பார்த்து வாசலில் நின்ற எனக்கு அவர்களைப் பார்த்ததும் சப்பென்று போய்விட்டது. வந்த மனிதர் ஒல்லியாக, சர்க்கார் கொடுத்த ஸ்வெட்டருக்குள் தொலைந்துபோனவர்போல் இருந்தார். அவர் மனைவி சேலைமேல் அதே ஸ்வெட்டரைப் போட்டு, ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். சோபாவில் உட்காரச் சொன்னால் இரண்டு பேரும் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள், வாசற்கதவு கண்ணில் படுகிற மாதிரி. அம்மா சமையலறைக் கதவிடுக்கு வழியாக அவர்களைக் கண்காணித்தாள். அவர்கள் அம்மாவின் கண் தெரிந்த இடுக்கைக் கண்காணித்தார்கள். அப்பா நடுவில் நின்று டெல்லிக் குளிரைப் பற்றிப் பேசினார்.

கொண்டுவந்த தேனை, பழைய பிராந்தி பாட்டில் ஒன்றில் நிறைத்திருந்ததை, அவர் அப்பாவிடம் கொடுத்தார். அது கைமாறி உள்ளே போன வேகத்தில் பின்கதவு வழியாக மாடி வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிக்குப் போய்விட்டது. ஆன்ட்டி அதை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு ஆகா ஓகோ என்று புகழ்ந்தாள். அதற்கப்புறம் ஒரு வாரம், காலையில் எழுந்ததும் அம்மாவுக்கு முதல் வேலை, மாடியில் ஆன்ட்டியின் நடமாட்டச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பதுதான்.

சோறு பரிமாறியாயிற்று. அவர்கள் தட்டில் கைவைக்கவில்லை.

"சாப்பிடுப்பா, கூச்சப்படாதே" என்றார் அப்பா.

"அம்மிணி முதல்ல சாப்பிடட்டுங்க சாமி. அப்புறம் நாங்க" என்றார் அவர், என்னைக் காட்டி.

அப்பா உருகிவிட்டார். "பாத்தியா, எவ்வளவு பண்பாடு! குழந்தை சாப்பிட்டாத்தான் சாப்பிடுவாங்களாம்!" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உள்ளே இருந்த அம்மாவுக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. சந்தேகப்படுகிறவளுக்குத்தான் சந்தேகத்தின் வாசனை தெரியும். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதே பாத்திரங்களிலிருந்து, அவர்கள் பார்க்கும்படி, எனக்கும் ஒரு தட்டில் போட்டு அவர்களுக்கு எதிரே உட்கார வைத்தாள். அவர் மனைவியான அந்த அம்மா நான் மெல்லுவதை, விழுங்குவதை, அடுத்த வாய் எடுப்பதை எல்லாம் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு தன் கணவரைப் பார்த்துத் தலையசைத்தார். அதன்பின் சாப்பிட்டார்கள் பாருங்கள், அப்படிச் சாப்பிட்டு எங்கள் சாம்பாரை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கௌரவித்ததில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் வெயில் காய அப்பா அவர்களைப் பால்கனிக்கு அழைத்துப் போனார். துணிப்பை சுவரோரமே இருந்தது. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். "நீ அங்க பாத்துக்கோ" என்று எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டுப் பையைத் திறந்தாள். சீப்பு போயிருக்கிறதா, ரிப்பன் போயிருக்கிறதா என்று பார்க்கத்தான். மாற்றுச் சேலை, வெற்றிலை, அதற்கடியில் துணியில் சுற்றி ஒரு உருண்டை. பிரித்தாள். ஆற்றில் உருண்டு உருண்டு வழவழப்பான ஒரு கல், கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரியது.

"அய்யோ, கெட்டேன்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் பால்கனியில் இருந்த மூவரும் ஓடி வந்தார்கள். "ஏனுங்க, நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே கேட்டீங்களா? செய்வினை வெக்கறதுக்குன்னே கொண்டாந்திருக்காங்க பாருங்க!"

அந்த அம்மா அதுவரை எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. பாய்ந்து வந்து கல்லைப் பிடுங்கிச் சேலைக்குள் வைத்துக்கொண்டு, தங்கள் பாஷையில் அம்மாவைப் பார்த்து ஏதோ கத்தினார். கத்தும்போதே அழுதுவிட்டார்.

"என்னப்பா அது?" என்றார் அப்பா. அவர் குரலில் இப்போது பண்பாடு பற்றிய உருக்கமெல்லாம் இல்லை.

"அது இவ அண்ணனுங்க சாமி" என்றார் அவர்.

அப்பா திரும்பி வாசலைப் பார்த்தார். யாரும் வந்திருக்கவில்லை.

அவர் மெதுவாகச் சொன்னார். அவர்களில் ஒருத்தர் இறந்தால், ஆற்றிலிருந்து ஒரு உருண்டைக் கல்லை எடுத்துக்கொண்டு போய், மலைக்குமேல் முன்னோர்களுக்கு இருக்கும் சாவுமனை என்ற சின்னக் கல்வீட்டில் வைக்க வேண்டும். அங்கே எல்லாப் பெரியவர்களும் கல்லாக இருக்கிறார்கள். வைத்தால்தான் இறந்தவர் அவர்களோடு போய்ச் சேருவார், இல்லாவிட்டால் வெளியே அலைந்துகொண்டிருப்பார். மச்சான் இறந்து மழைக்காலம் போய்விட்டது. கல்லை வைக்க முடியவில்லை. போகிற வழியில் காட்டிலாகாக்காரர்கள் கம்பிவேலி போட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

"பர்மிசன் வாங்கிட்டு வான்னாங்க சாமி. எங்க போயி வாங்கறதுன்னு கேட்டேன். டெல்லியில போயி வாங்குன்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அந்த மாசமே டெல்லிக்கு வரீங்களான்னு ஆபீசுலேருந்து ஆள் வருது. எங்க ஊருல எல்லாரும் பயந்தாங்க, கூட்டிட்டுப் போயி என்ன பண்ணுவாங்களோன்னு. நான்தான் போலாம்னேன். இவனையும் எடுத்துட்டு வந்துட்டேன், கேட்டா காட்டறதுக்கு."

பிறகு அவர் தேன் எடுப்பதைப் பற்றிச் சொன்னார். பாறை உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கி இறங்கும்போது மேலே கயிற்றுக்குக் காவல் இருப்பது மச்சான்தானாம். "கூடப் பொறந்தவனைக்கூட நம்ப மாட்டோமுங்க. மச்சான்னா கைய விட மாட்டான், அவன் தங்கச்சியில்ல தனியா நின்னு போவா? இவன் புடிச்ச கயிறு ஒருநாளும் வழுக்குனதில்ல. இவனை வெளிய அலைய விட்டுட்டு நான் எப்பிடிங்க பாறையில எறங்கறது?" என்றார். "இந்த ஊருப் பேச்சு எங்களுக்குத் தெரியாது. இங்க கயிறு நீங்கதான் புடிக்கோணும் சாமி. ஒரே ஒரு நாளு அந்தக் கேட்டைத் தொறந்து விடச் சொல்லுங்க" என்றார்.

அப்பாவின் கண் கலங்கியது. நான் பார்த்தேன், சத்தியமாகக் கலங்கியது. "கவலையே படாதே. புதன்கிழமை சர்க்கார் குடுக்கற டீ பார்ட்டியில பெரியவரையே நேர்ல பாக்கப் போறோம். நீ சொல்லு, நான் அப்படியே இந்தியில சொல்றேன். ஒரு கேட்டைத் திறக்கறது அவருக்கு ஒரு வேலையா?" என்றார். அவர் குனிந்து அப்பாவின் காலைத் தொடப் போனார். அப்பா தடுத்துவிட்டார்.

அம்மா உள்ளே போய் சாமி படத்திலிருந்து ரெண்டு செவ்வந்தியை எடுத்து வந்து அந்த அம்மாவிடம் நீட்டினாள். "அண்ணனுக்கு வெய்யுங்க" என்றாள். அவர் அதைப் பூவா வேறேதாவதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை எனக்கும் லீவு போடப்பட்டது. நான் வராவிட்டால் டீ பார்ட்டிக்கு வரமாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்களாம். குழந்தைமேல் எவ்வளவு பாசம் என்று அப்பா வழியெல்லாம் டிரைவரிடம் பெருமையடித்தார். கூட ஒரு குழந்தை இருந்தால் இவர்கள் நம்மை எதுவும் செய்துவிட மாட்டார்கள் என்ற கணக்கு அது என்பது அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வேனில் ஏறியதிலிருந்து அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை. கை காய்ப்புக் காய்த்து மரப்பட்டை மாதிரி இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பெரிய புல்வெளி. ஷாமியானா, வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், வாசலிலிருந்து கடைசிவரை சாமந்தித் தொட்டிகள். இறகு வைத்த தொப்பிக்காரர்கள், மேளக்காரர்கள், பாசிமணிக்காரர்கள் என்று தேசமே வரிசையில் நின்றது. பெரியவர் வந்தார். பெயரெல்லாம் வேண்டாம், டைரக்டரே பயந்து நடுங்குகிற அளவுக்குப் பெரியவர். ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்டு, ஒரு சால்வை போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தார். வரிசை எங்களிடம் வந்தது.

"எப்படி இருக்கிறது டெல்லி? சந்தோஷம்தானே?" என்று இந்தியில் கேட்டார். நல்ல சிரித்த முகம்.

"சொல்லுப்பா, ஐயா கேக்கறாரு" என்றார் அப்பா.

அவர் சொன்னார். எங்கள் வீட்டில் சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். வேலி எப்படிப் போட்டார்கள் என்று கையால் கோடு இழுத்துக் காட்டினார். கேட் எவ்வளவு உயரம் என்று காட்டினார். மனைவியின் துணிப்பையைக் காட்டி மச்சான் இங்கேதான் இருக்கிறான் என்றார். யாரும் கிட்டே வரவேண்டாம், நாங்களே போய் வைத்துவிட்டு அன்றைக்கே இறங்கிவிடுவோம், ஒரு குச்சிகூட ஒடிக்க மாட்டோம் என்றார். அப்பாவுக்குப் பின்னால் டைரக்டர் ஒருமுறை தொண்டையைக் கனைத்தார். பெரியவரின் கண் அடுத்து நின்ற ஜோடிமேல் ஏற்கனவே போய்விட்டிருந்தது.

"ஜி சார், பஹுத் குஷ் ஹைன்" என்றார் அப்பா. மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்களாம், டெல்லி ரொம்பப் பிடித்துவிட்டதாம், சர்க்கார் நன்றாகக் கவனித்துக்கொள்கிறதாம்.

பெரியவரின் கண் திரும்பி வந்தது. அந்தக் கூட்டத்தில் அவருக்குத்தான் சந்தேகம் வந்தது. "அவ்வளவுதானா? இவ்வளவு நேரம் பேசினாரே?"

அப்பாவின் காது சிவந்துவிட்டது. "குளிரைப் பற்றியும் சொல்கிறார் சார். அவர்கள் மலையைவிட இங்கே குளிர் அதிகமாம்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "அடடா, இவருக்கு இன்னொரு சால்வை கொடுங்கப்பா!" என்றார் பெரியவர். ஓடிப்போய் ஒன்று கொண்டுவந்தார்கள். அதையும் அவரே தன் கையால் போர்த்திவிட்டார். போட்டோக்காரர் பளிச் பளிச்சென்று எடுத்தார். அந்த வரிசையில் இரண்டு சால்வை வாங்கியது எங்கள் ஜோடி மட்டும்தான். எனக்கு ஒரே பெருமை.

திரும்பும்போது அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக ஜன்னல் ஜன்னலாக இது இன்ன கட்டடம், அது இன்ன கட்டடம் என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு வருவார். அன்றைக்குச் சொல்லவில்லை. நான் பின்னால் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தேன். அவர் மடியில் கிடந்த இரண்டாவது சால்வையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அம்மிணி," என்றார் தாழ்ந்த குரலில். "நான் கேட்டைத் தொறக்கச் சொன்னேன். இது எதுக்குக் குடுத்தாங்க?"

என்னை ஒரு பெரிய மனுஷி மாதிரி ஒருவர் அர்த்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "உங்களுக்குக் குளிருதுன்னு அப்பா சொன்னாங்க, அதுக்கு. டெல்லி ரொம்பப் புடிச்சிருக்குன்னு சொன்னாங்க. சர்க்கார் நல்லாப் பாத்துக்குதுன்னும் சொன்னாங்க."

"கேட்டு?"

"கேட் பத்தி சொல்லலியே."

"மச்சானைப் பத்தி?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் முன்னால் தெரிந்த அப்பாவின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மனைவியிடம் அவர்கள் பாஷையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். என் மணிக்கட்டில் இருந்த அந்த அம்மாவின் கை போய்ப் பையைப் பிடித்துக்கொண்டது. அவர் சால்வையை விரித்து மனைவியின் தோளில் போட்டார். குளிர் என்னவோ நிஜம்தானே.

அவர்கள் பேசியது முன்னால் கேட்டிருக்க வேண்டும். அப்பா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"தெரியலப்பா. அவங்க பாஷையில பேசறாங்க."

"உன்கிட்ட என்ன கேட்டாரு?"

"சால்வை எதுக்குன்னு கேட்டாரு."

அப்பா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்கள் தங்கியிருந்த இடத்தின் வாசலில் வேன் நின்றது. நான் பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. ஏன் பயந்தேன் என்றும் தெரியவில்லை. அவர் இறங்கி, எப்போதும்போலக் கையைக் கூப்பி, "ரொம்ப நன்றிங்க சாமி" என்றார். அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "இவ்வளவு சந்தோஷமா ஒரு மனுஷனை நான் பாத்ததில்ல" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்களை மறுபடி சாப்பிட அழைத்து வரச் சொன்னது அம்மாதான். இந்தத் தடவை அவளாகவே பாயசத்துக்கு முந்திரி வறுத்தாள். ஒரு புது வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்து மடித்து வைத்திருந்தாள், கல்லைச் சுற்றிக்கொண்டு போக. எனக்கும் ஒரு தட்டைத் தயாராகக் கழுவி வைத்தாள். அழைக்கப் போன அப்பா தனியாகத் திரும்பி வந்தார்.

"வரலையாம். பசியில்லையாம். கதவைக்கூட முழுசாத் தொறக்கல" என்றார் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "நாம என்ன பண்ணிட்டோம்? அந்தக் கேட்டு விஷயம் சொல்லிட்டீங்கதானே?"

"அதெல்லாம் சொல்லியாச்சு."

அப்பா ஆபீசில் தனியாகச் சொல்லியிருப்பார் என்று நான் எடுத்துக்கொண்டேன். முக்கியமான விஷயங்களைப் பெரியவர்கள் எப்போதும் தனியாகத்தானே பேசிக்கொள்வார்கள்.

"அப்புறம் எதுக்குங்க வரல?" என்றாள் அம்மா.

"அவங்க அப்படித்தான். எவ்வளவு செஞ்சாலும் யாரையும் நம்ப மாட்டாங்க" என்றார் அப்பா.

ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். முன்பின் தெரியாத ஒருவரை ஒரு மனிதர் முழுசாக நம்புவதை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நான் பார்த்திருந்தேன். பார்த்தது அதுதான் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.